பற்றாக்குறை: பொருளும் அன்றாடப் பயன்பாடும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தண்ணீர், பணம், ஆள், நேரம், மழை, மின்சாரம் என்று எது போதாமல் போனாலும் நம் வாயில் முதலில் வருவது ‘பற்றாக்குறை’. செய்தித்தாளில் இந்தச் சொல் இல்லாத நாளே கிடையாது. இதைச் சரியான இடத்தில் வைத்தால் ஒரு நிலைமை முழுவதையும் விளக்கிவிடலாம். இடம் தவறினால் யாருக்கும் எதுவும் புரியாது. இந்தச் சொல்லைப் பற்றி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

பற்றாக்குறை என்றால் என்ன?

தேவைப்படும் அளவுக்கும் கையில் இருக்கும் அளவுக்கும் இடையே விழுகிற இடைவெளி. பத்துப் பேர் செய்யவேண்டிய வேலைக்கு ஏழு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், அந்த மூன்று பேர்தான் பற்றாக்குறை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே இரண்டு அளவுகள் இருக்கின்றன: இருப்பது ஒன்று, வேண்டியது ஒன்று. இரண்டும் தெரிந்தால்தான் பற்றாக்குறை என்று சொல்ல முடியும். வெறுமனே அளவு சிறியது என்றால் அது ‘குறைவு’. ஐந்து லிட்டர் தண்ணீர் குறைவுதான். ஆனால் ஒருவர் ஒரு நாள் குடிப்பதற்கு அது தாராளம். அதே ஐந்து லிட்டரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே குளிக்க வேண்டுமென்றால் பற்றாக்குறை. தண்ணீர் அதேதான், தேவை மாறியதும் சொல்லும் மாறிவிடுகிறது.

சொல் எப்படி அமைந்தது? நாட்டுப்பற்றில் வரும் ‘பற்று’தான் இதுவுமா?

வடிவம் அதேதான், பொருள் வேறு. ‘பற்று’ என்ற வினைக்குப் பல பொருள்கள் உண்டு. கையைப் பற்றினான் என்றால் பிடித்தான். தீ பற்றியது என்றால் மூண்டது. நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்பவை மனத்தின் பிடிப்பு. தலைவலிக்குப் பற்றுப் போடுகிறோமே, அது நெற்றியில் ஒட்டிக்கொள்வது. இவற்றோடு இன்னொரு பொருளும் இருக்கிறது: போதுமானதாக இருத்தல். ‘இந்தப் பணம் பற்றுமா?’, ‘பற்றாது’ என்பதில் வருவது அந்தப் பொருள். பற்றாக்குறையில் இருப்பதும் அதுவே.

பற்றாத குறை என்பதுதான் பற்றாக்குறை ஆயிற்று. ‘பற்றாத’ என்ற எதிர்மறைப் பெயரெச்சத்தில் கடைசி எழுத்து கெட்டு ‘பற்றா’ என நின்றது. இலக்கணத்தில் இதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள். செல்லாக்காசு, அழியாப்புகழ், ஓடாக்குதிரை எல்லாம் இதே வரிசை. இதற்குப் பின்னால் வரும் வல்லினம் மிகும். அதனால்தான் நடுவில் ‘க்’.

எனவே ‘பற்றாகுறை’ பிழை. ‘பற்றாக்குரை’ அதைவிடப் பெரிய பிழை, குரைப்பது நாய்.

பேச்சில் சொல்லும் ‘பத்தாது’, ‘பத்தல’ இதே சொல்தானா?

ஆமாம். காற்று காத்தாகவும், நேற்று நேத்தாகவும் ஆவதுபோல் பற்றாது என்பது பத்தாது ஆகிறது. ‘சம்பளம் பத்தல’, ‘துணி பத்துமா?’, ‘இந்த இடம் பத்தாதுங்க’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். பத்து என்ற எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எழுத்தில் ஒரு விநோதம் உண்டு. ‘பற்றாக்குறை’ என்று தயங்காமல் எழுதுகிறவர்கள்கூட ‘பணம் பற்றவில்லை’ என்று எழுதத் தயங்கி, ‘போதவில்லை’ என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ‘பற்றவில்லை’ நல்ல எழுத்துத் தமிழ்தான். போதும், போதாது என்பவையும் அதே பொருளில் நிற்கும்.

எல்லா ஊரிலும் ‘பத்தாது’ புழங்குவதில்லை. இலங்கைத் தமிழில் ‘காணாது’ என்பார்கள்: ‘காசு காணாது’. போதும் என்பதற்கு ‘காணும்’. தெற்கே நெல்லை, குமரிப் பக்கமும் இந்தக் ‘காணாது’ காதில் விழும். வெளியூர்க்காரர் முதல்முறை கேட்டால் ‘எதைக் காணோம்?’ என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

‘பத்தாக்குறைக்கு’ என்று பேச்சில் சேர்த்துக்கொள்கிறோமே, அதன் பொருள் என்ன?

‘பஸ்ஸை விட்டுட்டேன், பத்தாக்குறைக்கு மழை வேற.’ இங்கே எதுவும் குறையவில்லை. துன்பம் கூடித்தான் போயிருக்கிறது. ஏற்கெனவே பட்டது போதாதென்று இன்னொன்றும் வந்து சேர்ந்தது என்பதுதான் கருத்து. பட்ட பாட்டில் ஏதோ பாக்கி இருந்ததுபோலவும், அதை நிரப்ப இது வந்ததுபோலவும் சொல்கிற அழகான பேச்சு வழக்கு. ‘போதாக்குறைக்கு’, ‘போதாததற்கு’ என்பவையும் இதே வேலையைச் செய்யும். கதையிலும் கட்டுரையிலும் தாராளமாக எழுதலாம். அலுவலகக் கடிதத்தில் ‘மேலும்’ போதும்.

நேர்பொருளிலும் இது வரும். ‘இதைப் பத்தாக்குறைக்கு வச்சுக்க’ என்றால், குறைந்தால் ஈடுகட்ட வைத்துக்கொள் என்று அர்த்தம்.

பற்றாக்குறைக்கும் தட்டுப்பாட்டுக்கும் என்ன வேறுபாடு?

அதிகம் குழப்புகிற இடம் இதுதான். செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பல இடங்களில் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. ஆனாலும் இரண்டு சொற்களும் பார்க்கிற பக்கம் வேறு.

பற்றாக்குறை கணக்குப் பார்க்கிறது: இவ்வளவு வேண்டும், இவ்வளவுதான் இருக்கிறது. தட்டுப்பாடு வாங்கப் போகிறவரின் அனுபவத்தைச் சொல்கிறது: தேடினாலும் கிடைக்கவில்லை, வரிசையில் நின்றும் கைக்கு வரவில்லை. அதனால் பெட்ரோல், உரம், மருந்து, சிலிண்டர் என்று வாங்கிப் பெறும் பொருள்களோடுதான் தட்டுப்பாடு இயல்பாகச் சேரும். ‘நேரத் தட்டுப்பாடு’ என்று யாரும் சொல்வதில்லை. நேரம் கடையில் கிடைக்கும் சரக்கு அல்ல.

2022-இல் இலங்கையில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இறக்குமதிக்குப் பணம் செலுத்த அந்நியச் செலாவணி இல்லை. அது டொலர் பற்றாக்குறை. அதனால் எரிபொருள் கப்பல்கள் சரியாக வரவில்லை; மக்கள் பெட்ரோல் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அது எரிபொருள் தட்டுப்பாடு. முன்னது காரணம், பின்னது விளைவு.

சென்னையில் 2019 கோடையும் அப்படித்தான். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. நகரத்தின் தேவைக்கும் கையிலிருந்த நீருக்கும் இடையே பெரிய பற்றாக்குறை. குழாயடியில் அது தட்டுப்பாடாக வந்து நின்றது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

‘கிராக்கி’யையும் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். கிராக்கி என்பது வாங்க ஆள் அதிகமாக இருப்பது. சரக்கு நிறைய இருக்கும்போதும் கிராக்கி இருக்கலாம்.

மின்சாரத்தில் இன்னொரு சொல் சேர்கிறது: மின்வெட்டு. உற்பத்தி தேவையை எட்டாவிட்டால் மின் பற்றாக்குறை. அதைச் சமாளிக்க இணைப்பை நிறுத்தினால் மின்வெட்டு. மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போனால் அது இரண்டும் இல்லை, மின்தடை.

பஞ்சம் என்பது மிகப் பெரிய பற்றாக்குறையா?

அப்படி எடுத்துக்கொள்வது சரியாக இருக்காது. பஞ்சம் என்ற சொல்லில் பசியும் சாவும் இருக்கின்றன. 1876–78-இல் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட தாது வருஷப் பஞ்சத்தை ‘உணவுப் பற்றாக்குறை’ என்று எழுதினால், செத்தவர்களைக் கணக்கில் காட்டாமல் விட்டதுபோல் ஆகிவிடும். விளைச்சல் குறைந்தது பற்றாக்குறை. மக்கள் ஊரைவிட்டுப் போனதும் மாண்டதும் பஞ்சம்.

அதே பஞ்சம் பேச்சில் இலேசாகவும் வரும். ‘அவங்க வீட்டுல சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை’, ‘பேச்சுக்குப் பஞ்சமில்லை’. இந்த இடத்தில் ‘பேச்சுக்குப் பற்றாக்குறை இல்லை’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். ‘கோபத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை’ என்று குத்திக்காட்டும்போதும் ‘குறைச்சல்’தான் சரி.

சத்துக் குறைபாடா, சத்துப் பற்றாக்குறையா?

இரண்டும் வழக்கில் உண்டு. உடல்நலம் பற்றி எழுதும்போது ‘குறைபாடு’ பொருத்தம்: இரும்புச்சத்துக் குறைபாடு, அயோடின் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைபாடு. குறைபாடு என்பது ஒன்றினுள் இருக்கும் கோளாறு. உடலின் ஒரு நிலையை அது சொல்கிறது. ‘பார்வைக் குறைபாடு’ என்கிறோம், ‘பார்வைப் பற்றாக்குறை’ என்று எவரும் சொல்வதில்லை. சாலை, இயந்திரம், சட்டம் ஆகியவற்றின் ஓட்டைகளுக்கும் குறைபாடுதான். ஆனால் உட்கொள்ளும் அளவைக் கணக்கிட்டுப் பேசினால் பற்றாக்குறை வரலாம்: ‘ஒரு நாளுக்கு வேண்டிய புரதத்தில் பாதிதான் கிடைக்கிறது, மீதி பற்றாக்குறை.’

வானிலைச் செய்தியில் ‘பற்றாக்குறை மழை’ என்றால் எவ்வளவு?

இங்கே சொல்லுக்குத் திட்டவட்டமான அளவு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் ஒரு பகுதியின் நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. சராசரியைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பான மழை. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் பற்றாக்குறை. 60 முதல் 99 சதவீதம் வரை குறைந்தால் பெரும் பற்றாக்குறை. ஆக, ‘மழை 15 சதவீதம் குறைவு’ என்ற செய்திக்குப் ‘பற்றாக்குறை மழை’ என்று தலைப்புப் போடுவது தவறு. அது இயல்பான மழைதான்.

நிதிப் பற்றாக்குறை, வருவாய்ப் பற்றாக்குறை, முதன்மைப் பற்றாக்குறை: வீட்டுக் கணக்கில் சொன்னால் எப்படி இருக்கும்?

ஒரு குடும்பத்தின் மாத வரவு 40,000 ரூபாய். வாடகை, மளிகை, பள்ளிக்கட்டணம், பழைய கடனுக்கு வட்டி என்று அன்றாடச் செலவு 42,000. இந்த 2,000 வருவாய்ப் பற்றாக்குறை. அந்த மாதம் 4,000 ரூபாயில் ஒரு தையல் இயந்திரமும் வாங்குகிறார்கள். மொத்தச் செலவு 46,000. கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டிய 6,000 ரூபாய் நிதிப் பற்றாக்குறை. செலவில் 5,000 ரூபாய் பழைய கடனின் வட்டி என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் மிஞ்சும் 1,000 முதன்மைப் பற்றாக்குறை. அதாவது, பழைய கடன் மட்டும் இல்லாவிட்டால் இந்த மாதம் துண்டு விழுவது 1,000 ரூபாய்தான்.

தையல் இயந்திரத்துக்காகக் கடன் வாங்குவதும் மளிகைக்காகக் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. இயந்திரம் நாளைக்கு வருமானம் தரும். அரசுக் கணக்கிலும் அப்படித்தான். அணை கட்ட வாங்கிய கடனைவிட, சம்பளமும் வட்டியும் கொடுக்க வாங்கிய கடன்தான் கவலைக்குரியது. ஆகவே பட்ஜெட் செய்தியில் ‘பற்றாக்குறை’ என்று மட்டும் போட்டு நிறுத்தாமல், எந்தப் பற்றாக்குறை என்று எழுதுவது எழுதுகிறவரின் கடமை.

மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் கொண்டுவருவது 2003-இல் இயற்றிய நிதிப் பொறுப்புச் சட்டத்தின் இலக்கு. கொரோனா ஆண்டான 2020-21-இல் அது 9 சதவீதத்தைத் தாண்டியது. 2025-26 பட்ஜெட்டில் 4.4 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். ‘பற்றாக்குறை குறைந்தது’ என்று தலைப்பு வந்தால் அது நல்ல செய்தி. அவசரமாகப் படிப்பவருக்கு ‘பற்றாக்குறை’, ‘குறைந்தது’ இரண்டும் சேர்ந்து கெட்ட செய்திபோல் தோன்றிவிடும்.

‘துண்டு விழுகிறது’ என்பதும் இதுதானே?

இதேதான். வரவு செலவுக்கு எட்டாமல் போவதற்கு நம்மிடம் இருக்கும் சொந்த வழக்கு இது. ‘இந்த மாசம் மூவாயிரம் துண்டு விழுது’ என்றால் எல்லோருக்கும் புரியும். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘வரவு செலவுத் திட்டத்தில் துண்டுவிழும் தொகை’ என்று முறையான எழுத்திலேயே வருகிறது. தமிழ்நாட்டு நாளிதழ்களும் இதை அதிகம் எடுத்தாளலாம். ஆனால் இது பணத்துக்கு மட்டும்தான். ஆளோ மழையோ துண்டு விழாது.

வங்கிக் கணக்கில் ‘பற்று’ என்று போட்டிருந்தால் பற்றாக்குறையா?

இல்லை. அங்கே பற்று என்றால் கணக்கிலிருந்து எடுத்தது. அதன் இணை ‘வரவு’. பணம் தாராளமாக இருக்கும்போதும் பற்று நடக்கும்.

‘ஆசிரியர் பற்றாக்குறை’, ‘மருத்துவர் பற்றாக்குறை’ என்பது எப்போது சரி?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி தொடக்கப் பள்ளியில் 61 முதல் 90 வரை பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர்கள் வேண்டும். 85 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இருவர்தான் இருக்கிறார்கள் என்றால் ஓர் ஆசிரியர் பற்றாக்குறை. இது கணக்கு.

ஆனால் மூன்றாவது இடத்துக்கு அனுமதி இருந்தும் ஆள் போடாமல் விட்டிருந்தால் அதன் பெயர் காலிப்பணியிடம். அதைப் பற்றாக்குறை என்று எழுதும்போது, ஆசிரியர்களே கிடைக்காததுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. வெளியே தேர்வெழுதித் தேறியவர்கள் வேலைக்குக் காத்திருக்கலாம். மழை இல்லாததுபோல் ஆசிரியர் இல்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நிரப்ப வேண்டியவர் நிரப்பவில்லை என்ற உண்மை மறைந்துபோகும். எனவே மூன்று நிலைகளையும் பிரித்து எழுதுங்கள்: ஆளே கிடைக்கவில்லை; ஆள் உண்டு, ஆனால் நியமிக்கவில்லை; நியமித்தும் வேறு பணிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றுக்கும் பற்றாக்குறை என்ற ஒரே போர்வையைப் போர்த்துவது நியாயமில்லை.

இலங்கையில் பணியாளர் தொகுதியை ஆளணி என்பார்கள். ‘ஆளணிப் பற்றாக்குறை’ அங்கே வழக்கமான சொல்.

முன்னால் ஒற்று மிகுமா?

நிதிப் பற்றாக்குறை, தண்ணீர்ப் பற்றாக்குறை, இடப் பற்றாக்குறை, மின்சாரப் பற்றாக்குறை: மிகும். ஆசிரியர் பற்றாக்குறை, செவிலியர் பற்றாக்குறை: மிகாது, முன்னால் இருப்பது உயர்திணைப் பெயர். ‘ஆள் பற்றாக்குறை’ என்று பிரித்தே எழுதலாம்.

எந்த வினை சேரும்?

பற்றாக்குறை ஏற்படும், நீடிக்கும், தீரும். அதை ஈடுகட்டலாம், சமாளிக்கலாம், போக்கலாம். ‘நிலவுகிறது’ என்பது செய்தியாளர்களின் செல்லப்பிள்ளை. ‘இருக்கிறது’ என்றாலே போதும். கடும் பற்றாக்குறை என்பது நல்ல அடைமொழி.

பன்மையில் ‘பற்றாக்குறைகள்’ என்று எழுதும் இடம் அரிது. பலவகை இடர்களைச் சொல்லவேண்டுமானால் குறைகள் என்பதே இயல்பு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடப்பதும் மக்கள் குறைதீர்க்கும் நாள்தான். தண்ணீர்ப் பற்றாக்குறை, பட்டா கிடைக்காதது, பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் ‘குறை’ என்பதில் அடங்கும்.

எதிர்ச்சொல் எது?

உபரி. அணை நிரம்பித் திறந்துவிடுவது உபரி நீர். செலவைவிட வரவு கூடினால் உபரி பட்ஜெட். கூடுதலும் இல்லை குறைவும் இல்லை, அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டாம் என்றால் தன்னிறைவு. பேச்சில் ‘தாராளமா இருக்கு’.

மனுவில் பற்றாக்குறையை எப்படி எழுதினால் எடுபடும்?

‘எங்கள் பகுதியில் கடும் குடிநீர்ப் பற்றாக்குறை நிலவுகிறது, ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்’ என்று எழுதினால், அதே வாசகத்தோடு வந்த மற்ற மனுக்களில் ஒன்றாகக் கட்டில் சேர்ந்துவிடும். தேவையையும் இருப்பையும் எண்ணில் வையுங்கள். ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு இப்படி எழுதலாம்:

‘எங்கள் தெருவில் 40 வீடுகள், 160 பேர். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 8,800 லிட்டர் தேவை. இப்போது வருவது 5,000 லிட்டர். நாள்தோறும் 3,800 லிட்டர் பற்றாக்குறையாக உள்ளது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் கசிவு இருப்பதும் இதற்கு ஒரு காரணம். கசிவைச் சரிசெய்து, நீர் விடும் நேரத்தையும் கூட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’